அண்ணன் எதற்காகப் பெங்களூரு போனார்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிப் படிக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தைகள் எழுத வேண்டிய இடம் இது. எழுதத்தான் போகிறேன். ஆனால் கருமாதி அன்று ஒருவர் இருவரல்ல, பலர் அம்மாவிடம் வந்து, "நல்லா இருந்த காட்ட உட்டுப்போட்டு அந்தத் தம்பி எதுக்குங்க பெங்களூரு போச்சு?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கே பதில் தெரியும் என்பதால் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பதிலை இங்கே அச்சில் ஏற்றிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது எருமப்பட்டிக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து வீட்டில். அப்பா இறந்தபோது அவர் நாமக்கல்லில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார். படிப்பை முடித்த கையோடு காட்டில் இறங்கி விவசாயம் பார்க்கத் தொடங்கிவிட்டார். சின்ன வெங்காயம், மரவள்ளி, ஆறு கறவை மாடுகள். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் அவர்தான் மெக்கானிக். சொட்டுநீர்க் குழாயை யாராவது மிதித்துவிட்டால் மட்டும் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மழை ஏமாற்றிய வருஷங்கள் உண்டு. வெங்காயம் விலை போகாமல், சேமித்து வைத்த பட்டறையிலேயே அழுகிய வருஷங்களும் உண்டு. அதற்கெல்லாம் அவர் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும் அந்தக் காட்டில் உழைத்துத்தான்.

எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது முதலில் பேச்சு வந்தது பக்கத்து ஊர் விவசாயி ஒருவருக்கு. அண்ணனின் நண்பர். நல்ல குடும்பம், தண்ணீர் உள்ள பூமி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "காட்டுக்காரனுக்குக் கழுத்த நீட்ட மாட்டேன். சாணி அள்ளறதுக்கா நாலு வருசம் படிச்சேன்?" என்று கத்தினேன். அண்ணன் அப்போதுதான் பால் கறந்துவிட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "சரி சாமி, டவுன்லயே பாக்கலாம்" என்றார். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் மாப்பிள்ளையை அவரே அலைந்து தேடிப் பிடித்தார். அன்று நான் சொன்னதைத்தான் அடுத்த ஏழு வருஷமும் பெண் வீட்டார் ஒவ்வொருவர் வாயாலும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பையன் எங்க வேலைங்க?"

"காட்டப் பாத்துக்கறானுங்க" என்பார் அம்மா.

"அது சரிங்க. வேலைங்க?"

காபி குடிப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். மாடுகளைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். ஒரு வாரத்தில் ஜாதகமும் போட்டோவும் திரும்பி வரும். பொருத்தம் இல்லையாம். அம்மாவுக்குத் தம்பி முறையாகும் எங்கள் மாமா ஒருவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார். பெயர் சொல்ல மாட்டேன், இதை அவரும் படிப்பார். "எம் புள்ளயக் குடுக்கறதுல எனக்குச் சந்தோசந்தானுங்க அக்கா. பெங்களூர்ல ஒரு வேலையப் புடிச்சுட்டு வரச் சொல்லுங்க. அடுத்த முகூர்த்தத்துலயே முடிச்சுப்போடலாம்" என்றார்.

அண்ணன் போனது அதற்காகத்தான். முப்பத்திரண்டு வயதில், ஆறு மாடுகளையும் விற்றுவிட்டு, கல்யாணம் பண்ணிக்கொள்வதற்காகப் பெங்களூரு போனார்.

அங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பு வேலை கிடைத்தது. தண்ணீர் மோட்டார்களையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கிணற்றில் மோட்டார் போட்டபோது அவர் வேலையில்லாத பையன். யாரோ குடியிருக்கும் கட்டடத்தில், லாரியில் வந்த தண்ணீரை ஏற்ற மோட்டார் போட்டதும் அவர் பெங்களூரு மாப்பிள்ளை ஆகிவிட்டார். வேறு மூன்று பேரோடு தகரக் கூரை போட்ட ஒரே அறையில் தங்கியிருந்தார். அதை ஜாதகத்தில் எழுதவா முடியும்? கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றார் தரகர். நாமக்கல் ஸ்டுடியோவில் எடுத்தோம். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்ற அண்ணன், "எனக்கே என்னைய அடையாளம் தெரியல சாமி" என்று என்னிடம் சிரித்தார்.

இரண்டு வருஷம் இழுத்தடித்துவிட்டு, மாமா தன் பெண்ணைச் சொந்த ஃபிளாட் வைத்திருந்தவருக்குக் கொடுத்தார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் "ஃபிளாட் இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். அதற்கும் பிறகு வந்தவர்கள் வயதைக் கேட்டார்கள். இப்படியே எட்டு வருஷம் போயிற்று.

போன வருஷம் ஆவணியில் அம்மாவிடம் போனில் பேசும்போது, "ஐப்பசிக்கு ஊட்டுக்கே வந்தர்றேன்மா. பொண்ணு கெடைக்காட்டிப் போகுது, மாடாச்சும் கெடைக்குமல்ல?" என்றிருக்கிறார். அம்மா அன்றே மாட்டுக் கொட்டகையைக் கூட்டிச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டார். புரட்டாசியில் ஒரு காலை, மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அண்ணன் பிறகு எழவில்லை. வயது நாற்பது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அறைத் தோழர்கள் மூவர். ஒருவருக்கு ஊர் தர்மபுரி, மற்ற இருவருக்கு ஒடிசா. தமிழ் தெரியாத அந்த இருவரும் எருமப்பட்டி வரை உடலோடு வந்து, எங்கள் வாசலில் நின்று அழுதார்கள்.

இன்னொருவர், நான் வேண்டாம் என்று சொன்ன அந்த விவசாயி. உடல் வந்த அன்றிலிருந்து கருமாதி வரை மூன்று நாளும் டிராக்டரில் தண்ணீர் டேங்க் கொண்டுவந்து நிறுத்தியவர், கருமாதிப் பந்தியில் இலை எடுத்தது வரை எல்லா வேலையும் பார்த்தவர். இன்றும் எங்கள் காட்டை உழுது கொடுப்பவர் அவரே. அவருக்கும் இன்னும் பெண் அமையவில்லை. பந்தியில் அவர் பரிமாறிவிட்டு நகர்ந்ததும் இரண்டு பேர் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"தங்கமான பையனுங்க."

"தங்கந்தானுங்க. ஆனாக் காட்டுல கெடக்கறவனுக்கு எப்படிங்க குடுக்கறது?"

அண்ணனின் கருமாதிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இதை முதலில் சொன்ன வாய் என்னுடையது. சென்னையில் நான் குடியிருக்கும் கட்டடத்திலும் தினமும் காலையில் ஒருவர் மோட்டார் போடுகிறார். அண்ணன் சாகும் வரை அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று. இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்த ஸ்டுடியோவில் எடுத்த படம்தான். அண்ணனுக்கு வேறு நல்ல படம் இல்லை. அடையாள அட்டையை அழித்துவிடும்படி அச்சகத்தில் சொன்னேன். அழித்துவிட்டார்கள், ஆனால் உற்றுப் பார்த்தால் கழுத்தில் நீல நாடா தெரியும். உங்களில் பலருடைய வீட்டுக்கு இந்தப் படம் முன்பே வந்திருக்கிறது. பொருத்தமில்லை என்று எங்களிடமே திரும்பியும் வந்திருக்கிறது. இந்த முறையாவது எங்கள் அண்ணனைத் திருப்பி அனுப்பாமல் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.