எழுநூறு கிலோவைச் சுமக்கும் ஸ்டாண்டு

கைகள் ஓக் மரத்தில் சீவிய மெல்லிய பட்டை ஒன்றை எடுத்துப் பசை தடவின. வளைந்த அச்சின்மேல் அதைப் படியவைத்து, நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்கும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போயின. அடுத்த பட்டை, மறுபடி பசை. ஏழாவது பட்டை படிந்த பிறகு கிளாம்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. இடுக்கில் பசை மணிமணியாகப் பிதுங்கியது. வலது ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. அது பழைய கதை, வேலைக்கு ஒரு தடங்கலும் இல்லை. ஈரத்துணியால் பசையைத் துடைத்துவிட்டு, இன்னொரு முறை எல்லா கிளாம்பையும் கால் சுற்று இறுக்கின.

அந்தக் கைகள் முப்பத்தோரு வருடமாகச் சவப்பெட்டி செய்தவை. ஆளின் பெயர் விலேம். செக் நாட்டின் வடக்கு பொஹீமியாவில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பட்டறையில் அவர்தான் மாஸ்டர். பெட்டிகளுக்கு உள்துணி தைப்பது என் வேலை. விலேம் யாரிடமும் தொழில் படித்தவரில்லை. இறந்தவர் செய்துவைத்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துப் படித்தேன் என்பார். முந்தைய மாஸ்டரைத்தான் அப்படிச் சொல்வார்.

பெட்டியைத் தவிர வேறு எதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் லிபுஷே பட்டறைக்கு வந்தபோது, அவள் புருஷன் செனெக் போய்விட்டான் என்றுதான் இருவரும் நினைத்தோம். விலேம் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"தொப்பியப் போட்டுக்கங்க," என்றாள் அவள். "அவன் இருக்கான். ஒரு ஸ்டாண்டு வேணும். மீன்தொட்டிக்கு."

செனெக் கண்ணாடிச் சூளையில் வேலை பார்த்தவன். நுரையீரல் முழுக்கத் தூசி. மாடி ஏற முடியாமல் போனதும், கீழே சமையலறையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டார்கள். அவனுடைய மீன்தொட்டி மாடியிலேயே நின்றது. ஒன்றரை மீட்டர் நீளம். முன்பக்கக் கண்ணாடி தொப்பை தள்ளினாற்போல் வளைந்திருக்கும். ஜனவரியில் அதன் இரும்பு ஸ்டாண்டில் ஒரு வெல்டிங் விட்டுப்போயிற்று. தண்ணீரை இறைத்துவிட்டு, மீன்களைக் குளியல் தொட்டியில் விட்டாள் லிபுஷே. அயிரைச் சாதி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை. இருபது வயதுக்கு மேல். ஒன்பதில் மூன்று அதற்குள் செத்திருந்தன.

"டாக்டர் வசந்தம் வரைக்கும்னு சொல்றார்," என்றாள். "வசந்தத்தோட ஆரம்பமா முடிவான்னு சொல்லல. படுத்த வாக்குல அவன் அதுங்களப் பாக்கணும். அவ்வளவுதான்."

விலேம் அன்றே அளவெடுக்கப் போனார். நானும் போனேன். செனெக்கின் தலையணையிலிருந்து தரைவரை நாடாவை இறக்கினார். கண் மட்டம் எழுபத்தெட்டு சென்டிமீட்டர். தண்ணீரின் நடு அந்த உயரத்துக்கு வரவேண்டுமென்றால் ஸ்டாண்டு நாற்பத்தெட்டு இருக்கவேண்டும்.

"அளவெடுக்கிறதுதான் எடுக்கிற, தோளையும் சேத்து எடுத்துக்கோ," என்றான் செனெக். "ரெண்டு தடவ அலைய வேணாம் பாரு."

"உன் தோள் அளவு எனக்குத் தெரியும்டா," என்றார் விலேம். "பள்ளிக்கூடத்துலயே ரெண்டு தடவ மண்ணக் கவ்வ வெச்சிருக்கேன்."

லிபுஷே சிரிக்கவில்லை. கசகசா பன்னைத் தட்டோடு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மாடியில் காலித் தொட்டியை இரண்டு முக்காலிகள்மேல் வைத்திருந்தார்கள். விலேம் அடியில் படுத்து, ஒரு அட்டையை நிமிர்த்திப் பிடித்து, கண்ணாடியின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்தார். அட்டையின் மறுமுனையைப் பிடித்திருந்தது நான்தான். ஆகவே பின்னால் நடந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

பட்டறையில் விலேம் சட்டத்தை ஓக்கில் செய்தார். மேலே ஒரு சட்டம், கீழே அதே அச்சில் வார்த்தாற்போல் இன்னொரு சட்டம், நடுவில் எட்டுக் கால்கள். சுமை திருகாணியில் தொங்கக்கூடாது, மரத்தின்மேல் மரம் உட்காரவேண்டும் என்று ஒவ்வொரு கால்முனையின் கழுந்தையும் மூன்று நான்கு தடவை சீவிச் சீவித் துளையில் இறக்கிப் பார்த்தார். ஒரு நாள் வேலை ஐந்து நாளானது.

"பெட்டியத் தேவாலயத்துலேருந்து குழிவரைக்கும் பத்து நிமிஷம் தூக்குவாங்க," என்றார் என்னிடம். "அந்தப் பத்து நிமிஷம் தாங்கினாப் போதும், நம்ம வேலை முடிஞ்சது. இது தண்ணி, மணல், கல், கண்ணாடி எல்லாம் சேத்து எழுநூறு கிலோ. ராத்திரி பகல் நிக்கணும்."

மேற்பலகையைத் தொட்டியின் விளிம்போடு விளிம்பாக அறுத்தார். வேறு யாராவது என்றால் சுற்றிலும் ஒரு விரல்கடை தாராளமாக விட்டிருப்பார்கள். மூடி பெட்டியோடு இழையவேண்டும் என்பது அவருக்கு ஊறிப்போன கணக்கு.

சனிக்கிழமை ஸ்டாண்டை வண்டியில் ஏற்றிப் போனோம். செனெக்கின் வீட்டுத் தரை அடுப்புப் பக்கம், அதாவது வலப்பக்கம், நான்கு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அதை முன்பே அளந்து அடிச்சட்டத்தை அதற்கேற்ப இழைத்திருந்தார் விலேம். தரைக்கு அடியில் ஓடும் உத்தரங்களுக்குக் குறுக்காக ஸ்டாண்டை வைத்து ரசமட்டம் போட்டதும் குமிழி நடுவில் நின்றது. தொட்டியை இறக்க, கல்லறைக்குப் பெட்டி தூக்கும் ஆட்கள் நான்கு பேரை அழைத்திருந்தார். நூற்று முப்பது கிலோ கண்ணாடியைக் குறுகலான மாடிப்படியில் ஆடாமல் இறக்க ஊரில் வேறு ஆளில்லை. அவர்களில் மூத்தவன் ஹைனெக் முன்னால் நின்று மெதுவாக எண்ண, நால்வரும் ஒரே அடியாக வைத்து இறங்கினார்கள்.

"ஒத்திகையா?" என்றான் செனெக் கட்டிலிலிருந்து.

"உன்னத் தூக்க ரெண்டு பேர் போதும்யா," என்றான் ஹைனெக். "இதான் கனம்."

தொட்டி ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்தது. விலேம் குனிந்து, நுனியில்லாத விரலை வளைந்த விளிம்பின் அடியில் ஓட்டிக்கொண்டே போனார். நடுவுக்கு இடப்பக்கம் விரல் நின்றது.

அங்கே ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி மரத்துக்கு வெளியே நின்றது. பதினோரு மில்லிமீட்டர். வலப்பக்கம் அதே அளவு மரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடியின் கனமே பன்னிரண்டுதான். அந்த ஒரு முழத்துக்கு முன்சுவர் அந்தரத்தில் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் அடிக்கண்ணாடி அங்கேதான் விரிசல் விடும்.

"தூக்குங்க," என்றார் விலேம். "எடுத்து முக்காலில வெய்ங்க."

எடுத்து வைத்தார்கள். விலேம் அட்டையை விரித்தார். வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. தொப்பை இடப்பக்கம் சரிந்திருந்தது. அட்டையின் எழுதிய பக்கம் மேலே தெரிய, அதைப் பலகையின் அடிமுகத்தில் வைத்துத்தான் அவர் கோடு கிழித்திருந்தார். பட்டறையில் எப்போதும் அப்படித்தான். அழுகிறவர்கள் கண்ணில் பென்சில் கோடு படக்கூடாது என்று எல்லாக் குறியும் உள்முகத்தில்தான். திருப்பினால் இடது வலதாகும் என்ற நினைப்பே வரவில்லை. சவப்பெட்டிக்கு இடது வலது கிடையாது. தலைமாடு உண்டு, கால்மாடு உண்டு, அவ்வளவுதான்.

"ஒரு விரல்கூட இல்லயே மாஸ்டர்," என்றான் ஹைனெக். "ஒரு பட்டைய ஒட்டி வெச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

விலேம் உடனே மறுக்கவில்லை. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பட்டை ஒட்டினால் அன்றைக்கே தண்ணீர் ஊற்றலாம். அவர் மனம் அந்தப் பக்கம் போனதை நான் பார்த்தேன்.

"ஒட்டுன பட்டை நிக்கும்," என்றார் கடைசியில். "எத்தன நாள்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் வெக்க மாட்டேன். புதுசா அச்சு செய்யணும். எட்டு நாள்."

"எட்டு நாளா?" என்றாள் லிபுஷே. "இன்னிக்குக் காலைல இன்னொண்ணு மிதந்துது. அஞ்சுதான் இருக்கு. எட்டு நாள்ல..." மீனைப் பற்றித்தான் பேச்சு. ஆனாலும் அவள் கட்டில் பக்கம் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தப்பு அவனோடது இல்ல," என்றான் செனெக். "கண்ணாடிய வளச்சது நானு. சூளைல அச்சு ஒரு பக்கம் அமுங்கிப்போச்சு. இத்தன வருஷம் எவன் கண்ணுலயும் படல. இரும்புத் தகட்டு மேல கெடந்துது பாரு." இருமல் வந்தது. முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். "அந்த அட்டையக் குடு."

அட்டையை வாங்கி மார்பின்மேல் வைத்துப் பார்த்தான். திருப்பினான். பிறகு ஸ்டாண்டைப் பார்த்தான்.

"மேல் சட்டமும் கீழ் சட்டமும் ஒரே அச்சா?"

"ஒரே அச்சு."

"கால் ரெண்டு முனையும் ஒண்ணுபோலயா?"

"ஒண்ணுபோலத்தான்."

"அப்பக் கவுத்துடேன்டா, மடையா."

விலேம் அட்டையைத் திரும்ப வாங்கி அவரும் ஒருமுறை புரட்டினார். பிறகு ஹைனெக்கிடம் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். முன்பக்கம் முன்பக்கமாகவே இருக்க, இடது மேலேறி வலதாக இறங்க, ஸ்டாண்டு தலைகீழாக உட்கார்ந்தது. மேற்பலகையையும் புரட்டிப் போட்டு, அட்டையை அதன்மேல் விரித்தார். விளிம்போடு விளிம்பு.

"முப்பத்தோரு வருஷம்," என்றார் விலேம். "எதையும் கவுத்துப் பாக்கணும்னு தோணல."

"உன் சரக்கக் கவுத்தா உள்ள இருக்கறவன் விழுந்துருவான்ல," என்றான் செனெக்.

இந்த முறை லிபுஷேயும் சிரித்தாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. தரைக்கு ஏற்றபடி இழைத்திருந்த சட்டம் இப்போது மேலே வந்துவிட்டது. நான்கு மில்லிமீட்டர் சரிவு எட்டாகியிருந்தது. ரசமட்டத்தின் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஹைனெக்கையும் ஆட்களையும் அனுப்பிவிட்டு, இழைப்புளியை எடுத்து அந்த அறையிலேயே உட்கார்ந்தார் விலேம். அடிச்சட்டத்தைத் தரைக்கு இழைத்தார். மேல்சட்டத்தை மட்டத்துக்கு இழைத்தார். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மட்டம் வைத்துப் பார்த்தார். ஓக் சீவல்கள் சுருண்டு சுருண்டு கட்டிலுக்கடியில் போயின. தூசி எழக்கூடாது என்று உப்புத்தாளை எடுக்கவே இல்லை; உளியின் கூரிலேயே முடித்தார். செனெக் ஒருக்களித்துப் படுத்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மேற்பலகையின் அடிமுகம் இப்போது மேல்முகம். மெருகு போடாத பக்கம். அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறிய சிலுவை இருந்தது. பட்டறையில் தலைமாட்டுக்குப் போடும் குறி. அளவெடுக்கும் நினைப்பில் கை தானாகப் போட்டது. விலேம் அதைக் கண்டதும் இழைப்புளியை அங்கே கொண்டுபோனார்.

"அது என்ன?" என்றான் செனெக்.

விலேமுக்குப் பொய் வராது. "தலைப்பக்கம்னு குறி. பழக்கத்துல போட்டுட்டேன். எடுத்துடறேன்."

செனெக் தன் தலையணையைப் பார்த்தான். சிலுவையும் அதே பக்கத்தில்தான் இருந்தது.

"சரியாத்தானே போட்டிருக்க," என்றான். "இருக்கட்டும். மேல தண்ணி நிக்கப்போவுது."

விலேம் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

பிற்பகலில் ஆட்கள் திரும்பி வந்து தொட்டியை ஏற்றினார்கள். விலேம் ஒரு சிகரெட் தாளை எடுத்து விளிம்பு முழுக்க நுழைத்துப் பார்த்தார். எங்கும் நுழையவில்லை. பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு இரவு விட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மறுபடி மட்டம் வைத்தார். குமிழி அசையவில்லை. மீதியை ஊற்றினோம். வெந்நீரை லிபுஷே பானை பானையாகக் கலந்தாள். மத்தியானம் குளியல் தொட்டியிலிருந்து ஐந்து மீன்களையும் வாளியில் கொண்டுவந்து இறக்கினாள். அவை முதலில் அடியில் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. பிறகு ஒன்று வெளியே வந்தது. வளைந்த கண்ணாடியை ஒட்டி, செனெக்கின் கண் மட்டத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்திப்போனது. மற்றவை அதன் பின்னால் போயின.

விலேம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பட்டறையில் பெட்டியை ஒப்படைக்கும்போது சொந்தக்காரர் ஒருவரின் கையைப் பிடித்து மரத்தின்மேல் வைப்பார், "வாங்கிக்கங்க" என்பார். மனைவி கை, மகன் கை, தம்பி கை என்று எத்தனையோ கைகள். யாருக்காகச் செய்தாரோ அவர் கையில் ஒப்படைத்தது ஒருமுறைகூட இல்லை.

அவர் லிபுஷேயைப் பார்த்தார். அவள் கட்டிலைக் காட்டினாள். அவளும் நானும் சேர்ந்து சக்கரம் வைத்த அந்தக் கட்டிலை ஒரு அடி முன்னால் தள்ளினோம். விலேம் குனிந்து செனெக்கின் கையை எடுத்தார். அதில் எலும்பு மட்டுமே இருந்தது. அதை ஓக் சட்டத்தின்மேல் வைத்தார். சொல்ல வேண்டிய சொல் அவருக்கு வரவில்லை.

செனெக் மரத்தைத் தடவிப் பார்த்தான். விரல்களை விரித்து உள்ளங்கையை அழுத்தினான்.

"வாங்கிக்கிட்டேன்," என்றான்.