ஈயம் வைத்து அடைத்த பெட்டி

"தட்டிப் பாரு ஒடிலியா, எப்படிச் சத்தம் வருது?" என்று கேட்டார் எவாரிஸ்தோ லாந்திகுவா.

"நிறைஞ்ச பெட்டி மாதிரிதான் கேக்குது, ஐயா" என்றேன்.

"நிறைஞ்சதுதான். என் வாழ்க்கை மொத்தமும் உள்ளே கிடக்கு."

கூடையோடு சந்தைக்குக் கிளம்பிய அவர் மகள் எவுதோசியா வாசலில் நின்றாள். "அப்பா வாழ்க்கை தகரப் பெட்டிக்குள்ள. என் வாழ்க்கை வாழைக்காய்ச் சட்டிக்குள்ள. அதையும் யாராவது திறந்து பாருங்களேன்!"

"பேசாம போ. உன்னையும் சேத்துத்தான் துரோகி மகள்னு சொல்றானுங்க. அதுக்குப் பதில் இதுல இருக்கு."

"இருக்கட்டும். சீக்கிரம் எடுத்து அவனுங்க மூஞ்சில எறிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டொமினிக்கன் நாட்டின் வடகரையில் எங்கள் துறைமுகத்துச் சுங்கச்சாவடியை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டபோது, மற்ற அதிகாரிகள் வேலையை விட்டார்கள். இவர் விடவில்லை. பிறகு ஒருமுறை நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரசுக்கும் தேர்வானார். விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி அது என்று ஊர் முடிவு கட்டியது. அவர் நுழைந்தால் முடிவெட்டும் கடையில் பேச்சு நின்றுவிடும். உள்ளே இருந்துகொண்டே அமெரிக்கர்களை எதிர்த்து எழுதியதாகவும், அந்தக் கடிதங்களின் நகல்களைப் பத்திரப்படுத்தியிருப்பதாகவும் அவர் சொல்வார். யாரும் நம்பவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் மட்டும், காட்டினால் அச்சிடுகிறேன் என்றார். ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டும் படித்தவள் என்பதால் நகலெடுக்க என்னை அழைத்திருந்தார்கள்.

கடல் தாண்டும் துணிச் சரக்கைத் தகரம் பொதிந்த பெட்டியில் வைத்து, விளிம்பெல்லாம் ஈயம் உருக்கி அடைப்பது எங்கள் துறைமுக வழக்கம். பதவி பறிபோன ஆண்டின் நவம்பரில், அமெரிக்கர்கள் வீட்டைச் சோதனை போடுவார்களோ என்ற பயத்தில், தம் காகிதங்களையும் அவர் அப்படியே அடைக்கச் செய்தார். அது அடைமழைக் காலம்.

தகரவேலைக்காரர் ருஃபினோ மூடியை வெட்டித் திறந்தார். வாடை முகத்தில் அடித்தது.

"ஐயா, இது நனைஞ்சுபோன கோகோ கொட்டை மூட்டை மாதிரி..." என்று சிரிக்க ஆரம்பித்தவர், எவாரிஸ்தோவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

காகிதக் கட்டுகள் கறுத்து ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கயிற்றிலும் சுங்கத்து ஈய முத்திரை மட்டும் மின்னியது. எவாரிஸ்தோ ஒரு கட்டைத் தூக்கினார். விரல்கள் சேற்றில் இறங்குவதுபோல உள்ளே இறங்கின. ஈரத்தை உள்ளே வைத்தே பூட்டியிருந்தார்.

"முத்திரை உடையலையே" என்றார். "முத்திரை உடையலைன்னா சரக்கு சரியா இருக்கணுமே, ருஃபினோ?"

ஒரு எழுத்தாவது கிடைக்குமா என்று நான் கிளறினேன். கிடைக்கவில்லை.

மகள் திரும்புவதற்குள் மூடியை மறுபடி அடைக்கச் சொன்னார். ஈயம் ஆறும்வரை எவாரிஸ்தோ பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். தெருமுனையில் எவுதோசியாவின் குரல் கேட்டது.

"ஒடிலியா, நீ படிச்சேன்னு சொல்லிடும்மா" என்றார். "எல்லாத்தையும் படிச்சேன்னு சொல்லு. யார் கேட்டாலும், ரெண்டு பாஷையிலயும் சொல்லு."