வளைவில் வந்த இரண்டு சைக்கிள்கள்

மெர்ல் ஹாட்ரிக் ரொட்டிக் கடையில் வேலை பார்த்தாலும் ஊருக்கு அவள் 'இன்ஸ்பெக்டரம்மா'தான். சைக்கிள் ஓட்டுவதற்கான சட்டத்தைக் கரைத்துக் குடித்தவள். கடை வாசலில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் மணி அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரொட்டியை நீட்டுவாள். ஹெல்மெட் வார் தொங்கினால் போச்சு.

"சட்டம் உனக்கு மட்டும் லீவு விட்டிருக்கா?" என்பாள்.

சிரித்தாலும் வாரை இழுத்து மாட்டிக்கொள்வார்கள். முந்தின வருஷம் அவள் மகன் கேலம் விளக்கில்லாத சைக்கிளில் பனிமூட்டத்துக்குள் போய், மலையடி வளைவில் லாரி மோதிச் செத்தான். பாவிப்பயல்! அவள் வாங்கிக் கொடுத்த விளக்கை அவன் கடைசிவரை மாட்டவே இல்லை.

மிச்சம் இருப்பது மகள் டெஸ்ஸா. மாட்டுப் பண்ணையில் வேலை. விடியலில் அதே வளைவைத் தாண்டித்தான் போகவேண்டும், வேறு ரோடு கிடையாது. தினமும் அவள் திரும்பி வரும்வரை மெர்ல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெற்குக் கோடித் தீவான டாஸ்மேனியாவில் ஜூலைதான் குளிர்காலம்; அந்தப் பனி இருக்கிறதே, நீட்டிய கை தெரியாது. அப்படி ஒரு நாள் டெஸ்ஸா வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தாள்.

"திட்டாதேம்மா. காலையில வளைவுக்கிட்ட என் பின்லைட் செத்துப்போச்சு. பின்னாடியே பால் டேங்கர். ஒதுங்க இடமில்ல. என்னமோ, அது மெதுவாகி நல்லாத் தள்ளிப் போயிடுச்சு."

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான் டாரில், அந்த டேங்கரின் டிரைவர். ஊருக்குப் புதியவன்.

"வளைவுல போனது நீதானே? உன்கூட வந்த பையன் லைட் போட்டிருந்தானோ, நீ பிழைச்சியோ!"

"நான் தனியாத்தான் வந்தேன்."

"விளையாடாதே. ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல போனீங்க. சட்டப்படி போகலாம், நான் குத்தம் சொல்லல. அவன்தான் டேங்கர் பக்கம். அவனுக்கு ஒரு மீட்டர் விட்டுத்தான் தாண்டினேன். ஆனா ரெண்டு கையையும் நெஞ்சுல கட்டிக்கிட்டு ஓட்டுறான்! அதைக் கண்டிச்சு வைங்கக்கா."

டெஸ்ஸா சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அந்த ஊரில் அப்படி ஓட்டியவன் ஒருத்தன்தான், அவள் அண்ணன் கேலம்.

மெர்ல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"லைட்டு... நல்லா எரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு."

"கழுதை!" என்று உடைந்து அழுதாள் மெர்ல். "இப்பவாச்சும் மாட்டினானே."