கத்தாத சைரன்

குளிர்பதனக் கிடங்கில் கம்ப்யூட்டர் பார்க்கும் அவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர் வைத்ததே அவள் புருஷன்தான். தேவையில்லாத எதையும் அவள் கண்ணில் காட்டக்கூடாது. அழைப்புமணி பாட்டுப் பாடுகிறதென்று கழற்றி எறிந்தாள். சுவர்க் கடிகாரத்தின் டிங்டாங்கைப் பிடுங்கிப் போட்டாள்.

"என்னை மட்டும் எப்படிடி விட்டு வச்சிருக்கே?" என்பான் அவன்.

"பரண்ல ஏத்த இடமில்ல, அதான்" என்பாள். ஆனால் அவன் வரக் கொஞ்சம் நேரமானால் போதும், வாசலுக்கும் உள்ளுக்குமாக நடையாய் நடப்பாள். அவ்வளவு பிரியம், வாயைத் திறந்து சொல்லத்தான் வராது.

அவனுக்கும் அதே கிடங்கில்தான் வேலை, குளிர் அறைக்குள் பெட்டி அடுக்குவது. அறையைக் குளிர்விக்கும் வாயுவுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது, ஆளைச் சாய்த்துவிடும். அதனால் உள்ளே ஒரு கருவி வைத்திருந்தார்கள். வாயு ஏறினால் அவளுடைய கம்ப்யூட்டர் சைரன் போடும், எல்லாரும் வெளியே ஓடிவந்துவிட வேண்டும்.

அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரோ ஆமையாய் ஊர்ந்தது. "படமும் ஐகானும்! யாருக்கு இந்த மினுக்கு?" என்று ஒருநாள் மத்தியானம் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படத்திரை இனி வரவே கூடாதென்று ஒரே வரிக் கட்டளை அடித்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை எழுத்து மட்டும். மெஷின் பறந்தது. மேனேஜர்கூட "பலே" என்றார். பாவி, அவள் அப்போதாவது ஒரு தடவை யோசித்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் காவலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஷிஃப்ட் மாறும்போது சைரன் தானா ஒரு தடவை கத்திப் பார்க்குமே, இன்னைக்குக் காணோம்? காதுக்கு நிம்மதியா இருக்கு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சைரன் போடும் புரோகிராம் அந்த மினுக்குத் திரையோடு சேர்ந்துதான் கிளம்பும். திரையைத்தான் வெட்டியாயிற்றே, அது கிளம்பவே இல்லை. கருவி காட்டும் அளவைக் கறுப்புத் திரையில் வரவழைத்தாள். எண் பார்க்கப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயோ, அவர் உள்ளே இருக்காரே!"

விழுந்தடித்து ஓடினார்கள். கதவைத் திறந்தால், பக்கத்திலேயே பெட்டிகளில் சாய்ந்து கிடந்தான். காவலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனை வெளியே இழுத்துப் போட்டார். வெகுநேரம் அசைவே இல்லை. அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி அழுதாள்.

ஒருவழியாகக் கண் திறந்தான். அவளைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"தலை சுத்துச்சு... வெளிய வந்துரலாம்னுதான் கதவு வரைக்கும் வந்தேன். சைரன் கத்தலையே, நீதான் பார்த்துட்டு இருப்பியேன்னு உட்கார்ந்துட்டேன்."