இருளாண்டி அண்ணன் எண்ணிய பாட்டுகள்

இருளாண்டி அண்ணன் போய்விட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி. திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே... நாற்பத்தாறு வயதுதான்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் போடும் 'அதிகம் பேர் கேட்காத பேண்டுகள்' லிஸ்ட்டில் "ஒரு நண்பர் சொன்னது" என்று அடிக்கடி வருமே, அந்த நண்பர் அவர்தான்.

பேரைப் போடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேணாம் தாயி, மில்லுல ஓட்டியே கொன்னுருவாய்ங்க" என்றார். இப்போது அவர் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.

ஸ்பின்னிங் மில்லில் நான் லேப். நூலின் பலத்தைச் சோதிக்கிற வேலை. அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர்.

லேப் மெஷினைப் பார்க்க வந்தவர், மேஜைமேல் கிடந்த என் ஹெட்போனில் கசிந்த சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார். ஜப்பானில் மூன்று பேர் வாசிக்கிற ஒரு மேத் ராக் பேண்ட்; தாளக் கணக்கை வைத்து விளையாடுகிற வகை. கிடார் ஒரு பக்கம் போகும், ட்ரம்ஸ் வேறு பக்கம் போகும்.

"இதுல எங்கயோ ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு."

பாட்டே அப்படித்தான் அண்ணே என்றேன். நம்பவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஸ்பேனரால் தொடையில் தட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"ஏழு. நாலும் மூணுமா வருது. ஒடையல... வேணும்னேதான் செஞ்சிருக்காய்ங்க."

அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இசை படித்தவரா என்றால் இல்லை. மெஷினில் தட்டுகிற சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை வருகிறது என்று எண்ணித்தான் எந்தக் கியர் போச்சு என்று கண்டுபிடிப்பாராம். அதே காதுதான் இதற்கும்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நான் பாட்டு அனுப்புவேன், அவர் ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு என்று எண் மட்டும் அனுப்புவார். 7. 5. 13. நான் விடாமல் 12 என்பேன். மறுபடி 13 என்று வரும். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் பதின்மூன்றுதான்.

கொஞ்ச நாளில் அவரே தேட ஆரம்பித்தார். இங்கிலீஷ் வாசிக்க வராது. காலை பஸ்ஸில் ஆப் தானாகப் போடுகிறதைக் கேட்டுக்கொண்டே வந்து, பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார். போலந்து, சிலி, மணிப்பூர்... எந்த ஊர் என்று நான் பார்த்துச் சொன்னால் ஆச்சரியப்படுவார்.

மதுரைப் பையன்கள் நாலு பேரின் இண்டி பேண்டைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன் இல்லையா, "இன்னும் எண்ணிக்கொண்டே வாசிக்கிறார்கள்" என்று? நிறைய பேர் பாராட்டினீர்கள். அந்த வரி என்னுடையது இல்லை. அண்ணன் சொன்னது. நான் பேசாமல் லைக்கை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆல்பம் வந்ததும் அனுப்பினேன். "இப்ப எண்ணல. நல்லா வருவாய்ங்க" என்று பதில் வந்தது.

இறந்த அன்று மில் வேனில் எல்லாரோடும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை. நேற்று தனியாகப் போனேன்.

அண்ணன் மனைவி, மதினியோடு நான் பேசியதே இல்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களுக்குக் கேட்காமல்:

"நீதான அந்த நம்பர் அனுப்புற புள்ள?"

தலையை ஆட்டினேன்.

"ஃபோன்ல பாத்தேன். ஒம் பேரு, அதுக்குக் கீழ வெறும் நம்பரு. நீ ஒண்ணு அனுப்புற, அவுக ஒண்ணு அனுப்புறாக. என்னன்னு கேட்டேன். பாட்டுன்னாக. பாட்டுக்கு எதுக்கு நம்பருன்னு நான் திருப்பிக் கேக்கல. ரெண்டு வருசமா கேக்கல."

ரெண்டு வருஷம். பஸ்ஸில் அவர் ஹெட்போனோடு சிரித்துக்கொண்டு வந்த ரெண்டு வருஷமும் மதினி இதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாளாவது வீட்டில் போட்டுக் காட்டுங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லையே...

என்ன விளக்கினாலும் சமாளிப்பது போலத்தான் இருக்கும். என் ஃபோனை அப்படியே கையில் கொடுத்துவிட்டேன். "மொத இருந்து பாருங்க மதினி."

பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளி, எண்ணெண்ணாக. பாட்டு, எண். பாட்டு, எண். ஓரிடத்தில் விரல் நின்றது. அண்ணன் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"இது எங்க வீட்ல பிடிக்கும். ஒருநா போட்டுக் காட்டணும். என்ன கருமம்னு சிரிச்சிருவாளோன்னுதான் யோசனையா இருக்கு."

மேகாலயாப் பக்கத்து ஒரு நாட்டுப்புற பேண்ட். அவரே தேடிப் பிடித்தது. அதற்கு நான் ஒரு கட்டைவிரலைப் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் என் பதில்.

"எப்ப அனுப்புனது?"

"பங்குனில மதினி."

மறுபடி ஒருமுறை படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதப் போடு" என்றார். ஹெட்போனை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"வெளியவே போடு. எல்லாரும் கேக்கட்டும்."

துக்க வீட்டில் பாட்டா என்று ஒரு பெரியவர் திரும்பினார். மதினி அவரைப் பார்க்கக்கூட இல்லை. நான் சத்தத்தை முழுசாக வைத்தேன். புரியாத மொழி, ஒரு பெண் குரல், ஒற்றைத் தந்தி வாத்தியம். மதினி கடைசிவரை கேட்டார்.

அண்ணே, மதினி சிரிக்கவில்லை. போய் வாருங்கள்.