பாஸ் படத்துக்கு முகம் காட்டியவர்கள்

முகத்துக்கு விளக்கு வைக்கிற வேலையில் நல்ல பேர் கிடையாது. விளக்கைத் தப்பாக வைத்தால் படம் எடுத்தவளைத் திட்டுவார்கள், சரியாக வைத்தால் தங்கள் முகத்தையே திட்டிக்கொள்வார்கள்.

யாருடைய வேலை என்றே தெரியாத வேலை ஒன்று ஆபீசெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் உங்கள் மேசையில் வந்து உட்கார்ந்ததுண்டா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. எழுபதுகளின் நடுவிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அத்தனை வருஷமும் ஆட்களைப் படம் எடுத்ததும் நான்தான்.

பட்டன்

தோட்டத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் படம் ஒட்டின பாஸ் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆட்களை லோரியில் ஏற்றித் தானா ராத்தா டவுன் ஸ்டூடியோவுக்கு அனுப்பினால் ஒரு நாள் கொழுந்து முற்றிப்போகும். அதனால் துரை பங்களாவிலிருந்து தன் பழைய கேமராவையும் இரண்டு மேசை விளக்கையும் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பினார். அவை நேரே என் டைப்ரைட்டர் பக்கத்தில் வந்து இறங்கின.

நான் அதுவரை கேமராவைத் தொட்டதுகூட இல்லை. பெரிய கிராணியிடம் போய் அதைச் சொன்னேன். தலைமைக் குமாஸ்தா; ஆபீசில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாள் முழுக்க நாப்பது பட்டன் தட்டுற, சரோஜா. இதுல ஒரே பட்டன்தானேம்மா!"

முதல் சுருள்

ஆபீசுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைதான் ஸ்டூடியோ. ஆளைச் சுவரோரம் ஸ்டூலில் உட்காரவைத்து, எதிரே குட்டை மேசையில் இரண்டு விளக்கையும் வைத்தேன். கிட்ட இருந்தால் வெளிச்சம் நன்றாக விழும் என்று நினைப்பு. வெளிச்சம் கீழிருந்து அடித்தது. மூக்கின் நிழல் நெற்றிவரை ஏறியது. சூட்டில் எல்லாரும் கண்ணை இடுக்கிக்கொண்டார்கள். அது எதுவும் அப்போது என் கண்ணில் படவில்லை.

சுருளைக் கழுவ டவுனுக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து நானே போனேன். கடைக்காரச் சீனர் படங்களைக் கண்ணாடிப் பலகைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி மலாயில் கேட்டார்: "இவங்க எல்லாரையும் எந்தக் கேஸ்ல புடிச்சாங்க?"

வெள்ளைச் சுவர்

அடுத்த முறை தேயிலைப் பெட்டிகளை அடுக்கி, விளக்குகளை அவற்றின்மேல் உயரத்தில் வைத்தேன். வெள்ளைக்காரரான சின்ன துரையின் படம் அருமையாக வந்தது. மற்றவர்கள் எல்லாரும் கரி. கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கெடு நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று அந்தப் படங்களையே பாஸில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கேமராவில் இருந்த மீட்டர் பின்னாலிருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வெளிச்சம் போதும் என்று சொல்லியிருக்கிறது. இது எனக்குப் புரிய மூன்று சுருள் வீணாயிற்று. சுவரில் சாம்பல் நிறக் கம்பளியைத் தொங்கவிட்டேன். மீட்டர் சொல்வதைவிட லென்ஸை ஒரு படி கூடுதலாகத் திறந்தேன். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை ஒரு பலகையில் ஒட்டி முகவாய்க்குக் கீழே சாய்த்துப் பிடித்தால், மேலிருந்து விழும் வெளிச்சம் திரும்பி வந்து கண்குழியை நிரப்பும் என்று தெரிந்தது. ஆனால் பாஸெல்லாம் அதற்குள் ஆட்கள் கைக்குப் போய்விட்டன. மருந்து வாங்கப் போன இடத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் காளியப்பனை, இது நீதானா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பாஸை என் மேசைமேல் வைத்தார். கோபம்கூட இல்லை, கேமராவைக் காட்டிச் சொன்னார்: "இது துரைமாருக்குன்னு செஞ்ச பெட்டி போலம்மா. நம்மளப் பாக்க அதுக்குத் தெரியல."

சூடு

மழை மாதங்களில் பத்து மணிவரைக்கும் மூடுபனி விலகாது. கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் தாளோடு, தலை சொட்டச் சொட்ட வந்து உட்காருவார்கள். லெட்சுமி என்று ஒருத்தி. தோள் நடுங்கிக்கொண்டே இருந்தது. பயப்படுகிறாள் என்று நினைத்து, பயப்படாதே, அசையாமல் இரு என்று இரண்டு தரம் சொன்னேன். படம் எடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விளக்குப் பக்கம் திருப்பிக் காட்டினாள். கை வெளுத்துச் சுருங்கியிருந்தது. வாசலில் ஆறு பேர் நின்றார்கள். நான் சுருள் மாட்டுவதுபோல் கேமராவை நோண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒண்ணு எடுங்கம்மா," என்றாள். "படம் வேணாம், வெளக்க மட்டும் போடுங்க."

கண்ணாடி

பெரிய கிராணி கடைசியாகத்தான் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டவர்களைப் படம் எடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் தெரியும். கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைப் பொட்டு. கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்றார். இரண்டு வாரம் மற்றவர்களை உட்காரவைத்துப் பழகி, விளக்கைப் புருவத்துக்கு மேலே ஏற்றி, கண்ணாடியைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தால் பளபளப்பு போய்விடும் என்று கண்டுபிடித்தேன். படம் வந்தது. கண்ணாடியே இல்லாததுபோல் அவ்வளவு தெளிவு. இடது கண்மணிமேல் பால் படர்ந்த மாதிரி இருந்ததும் அவ்வளவு தெளிவு.

அவர் படத்தை வலது கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அவர் குடியிருந்தது தோட்டத்து வீடு. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். என்னையே பேர்களை வாசிக்கச் சொல்லி அவர் எழுதியதெல்லாம் சோம்பலில் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். மறுநாள் விளக்கை இறக்கி வைத்து, நானே பாடுபட்டு விரட்டின பளபளப்பை மறுபடி அவர் கண்மேல் கொண்டுவந்து ஒரு படம் எடுத்தேன். முதல் படத்தைக் கிழித்துப் போட்டேன்.

நாலு மாசம்தான் தாங்கியது. காலையில் ஆட்களின் வருகை பதிகிற பெரட்டுப் புத்தகத்தில் ஒரே கோட்டில் இரண்டு ஆள் பேர் விழ ஆரம்பித்தது. துரை அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை வாசிக்கச் சொன்னார். தடுமாறினார், வேலை போயிற்று. மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணினார்கள். சாமான் ஏற்றின லோரிப் பக்கம் போய் நின்றேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்: "உன் படம் என்னக் காட்டிக் குடுக்கல சரோஜா. என் கையெழுத்துதான் காட்டிக் குடுத்துருச்சு."

ஐந்து படம்

பச்சையம்மா கொழுந்துக்காரி. பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் அவளிடம் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐ.சி.; இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று அர்த்தம். நீல ஐ.சி. கேட்டு விண்ணப்பப் பாரம் போடப் படம் வேண்டும் என்று என்னிடம் வந்தாள். பாரத்தை டைப் அடித்ததும் நான், படம் எடுத்ததும் நான். இரண்டு வருஷம் கழித்து அது திரும்பி வந்தது. சாட்சி போதாதாம். சாட்சியோடு மறுபடி போகும்போது, படம் பழசு, புதுசு வேண்டும் என்றார்கள். இப்படியே ஐந்து தடவை. அதற்கிடையில் அவள் தம்பி குடும்பம் சிவப்பு ஐ.சி.யோடு அலைந்து சலித்து, கண்ணால் கண்டிராத இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டது. தன்னையும் ஒரு நாள் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அவளை விடவேயில்லை.

ஐந்தாவது பாரத்துக்கு நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை பதில் வரவில்லை. ஆனால் அந்தப் படம் நான் எடுத்ததிலேயே நல்ல படம். பக்கவாட்டில், மெல்லிய வெள்ளைத் துணி போர்த்திய ஒரே விளக்கு. கீழே ஈயத்தாள். கம்பளியிலிருந்து ஆள் நாலடி தள்ளி உட்கார்ந்ததால் பின்னால் நிழலே இல்லை. நான் படத்தை நீட்டியதும், அவள் பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய நாலு படத்தையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்து, இதைக் கடைசியில் வைத்தாள். முதல் படத்தில் கீழே இருந்து அடித்த வெளிச்சம், அடுத்ததில் பின்னால் கம்பளிமேல் கனத்த நிழல், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு. என் படிப்பு முழுக்க அவள் முகத்தில் நடந்திருக்கிறது. வெட்கம்கெட்டு, நான் ஒரு நொடி அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

அவளும் இடமிருந்து வலமாகத்தான் பார்த்தாள். கடைசிப் படத்தில் முடி நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. விரலால் அதைத் தொட்டுச் சொன்னாள்: "வெளிச்சம் நல்லா வந்துக்கிட்டே இருக்கு, சரோஜா. ஆளுதான் போய்க்கிட்டே இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் என் படங்களைப் பற்றித் துரை ஒரு குறைகூடச் சொன்னதில்லை, அவர் பார்த்ததெல்லாம் படத்துக்குக் கீழே எழுதியிருந்த ஆள் நம்பரைத்தான்.