மை தொடாத தூரிகை

மையைத் தொடுவதற்கு முன் முப்பிடாதி ஒருமுறை வெறும் தூரிகையால் எழுதிப் பார்க்கிறாள். மரப்பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு, இடது உள்ளங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, வாங்குபவரின் பெயர், அஞ்சல் பெட்டி எண், துறைமுகம் என்று முழு முகவரியையும் காய்ந்த தூரிகையால் தடவிச் செல்கிறாள். மரத்தில் எதுவும் பதிவதில்லை. அதன்பிறகே கறுப்பு மை டப்பாவின் மூடி திறக்கிறது. இதனால் பெட்டிக்கு நான்கு நிமிடம் வீணாகிறது என்று மேலாளருக்கு நான் இருமுறை குறிப்பெழுதியிருக்கிறேன். நகல்கள் என்னிடம் உள்ளன. "கைக்கு வழி தெரியண்டாமா சாரே?" என்பதே அவளுடைய பதில்.

மட்டாஞ்சேரியில் ஏற்றுமதிச் சரக்கைப் பெட்டியிலிட்டு, சுங்க ஆவணம் தயாரித்து, கப்பலுக்கு அனுப்பும் எங்கள் நிறுவனத்தின் கிடங்கில் பதினாறு ஆண்டுகளாக இதுவே அவள் வேலை. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவள். வயது நாற்பத்தைந்து இருக்கும். எண்கள் தெரியும். ஆங்கில எழுத்துகளை அச்சுப்போல் வரைவாள், வாசிக்கத் தெரியாது. 'எஸ்' அவளுக்குப் பாம்பு. 'க்யூ' வால் வைத்த முட்டை. துடைப்பதற்குத் துணி கொடுத்திருக்கிறோம், இருந்தும் தூரிகையைத் தன் முழங்கையில்தான் துடைக்கிறாள். பதினொரு மணிச் சாயாவைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு, ஆற்றிக் குடிக்கும் என்னைக் கண்டு சிரிக்கிறாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஆணி துருத்தி நின்றாலும், பலகை ஈரமாக இருந்தாலும், கொடுத்த முகவரியில் ஓர் எழுத்து குறைந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். தூரிகையை மை டப்பாவின் வாயில் குறுக்கே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துவிடுவாள். குறை சரியாகும்வரை அந்தத் தூரிகை எழாது. கிடங்கில் எல்லோருக்கும் இது தெரியும். லாரி ஓட்டுநர்கள்கூட டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஹாரன் அடிப்பார்கள்.

நான் அதே கிடங்கின் மாடியில் ஆவணப் பிரிவில் இருபத்துமூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சாதாரணத் தொழிற்சாலைக்கும் உதவி, ஆயுதம் செய்யவும் உதவக்கூடிய பொருள்களை உரிமம் இல்லாமல் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. அவற்றுக்கு அரசின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதை யாரும் எனக்குக் கற்பிக்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மழைக்காலங்களில் நானே படித்து முடித்தேன். உரிமம் மறுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று பதினொரு ஆண்டுகளுக்கு முன் எழுத்துமூலம் கேட்டேன். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இருக்கிறது. பதில் இல்லை. ஆகவே சொந்தச் செலவில் ஒரு பதிவேடு வாங்கி, நிறுவனங்களின் பெயரை அகர வரிசையில் நானே எழுதி வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து அமிலம் அரிக்காத வால்வுகள் பன்னிரண்டு பெட்டி வந்தன. உரத் தொழிற்சாலைக்கு ஆகும். நச்சு வாயு தயாரிக்கவும் ஆகும். உரிமம் வந்துவிடும் என்ற அவசரத்தில் பெட்டிகளில் முகவரியை எழுதவைத்தார்கள். டில்லி மறுத்துவிட்டது. பன்னிரண்டு பெட்டியிலும் எழுதியதை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி எடுத்தவள் முப்பிடாதி. இரண்டு நாள் ஆயிற்று.

சென்ற ஜூன் மாதம் வேறொரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பச் சொல்லி 'பம்பு உதிரிபாகங்கள்' என்று எட்டுப் பெட்டி வந்தது. பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் பெயர் இல்லை. முகவரிச் சீட்டை என் கையாலேயே எழுதிக் கீழே அனுப்பினேன். அரை மணி கழித்துக் கிடங்கு மேலாளர் சஜி படியேறி வந்தார். "சாரே, தூரிகை குறுக்கே இருக்கு. ஒந்நு கீழே வரணும்."

இறங்கிப் போனேன். காய்ந்த தூரிகையால் எழுதும்போதே, பெயரைத் தாண்டி எண்ணுக்கு வந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

"இது பழைய ஆளு தன்னெ சாரே. சட்டை மாத்திட்டு வந்திருக்கான்."

"பெயரே வேறு, முப்பிடாதி."

"பேரு எனக்கெங்ஙனெ தெரியும்? நம்பர் அதே நம்பர். நாலு, ஒண்ணு, ஒண்ணு, ஏழு, ஆறு. சொரண்டிச் சொரண்டித் தோளு போயி. மறக்குமா?"

மாடிக்கு ஓடி அலமாரியைத் திறந்தேன். டில்லியின் மறுப்புக் கடிதம் இரண்டாம் தட்டில் இருந்தது. புதிய ஆவணம் மூன்றாம் தட்டில். இரண்டிலும் அஞ்சல் பெட்டி 41176. பெட்டிகளைத் திறந்தார்கள், உள்ளே அதே வால்வுகள். சஜி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "சங்கர்ராம் சாரோட அலமாரி காணாதத நம்ம முப்பிடாதியோட கை கண்டுச்சு!" அவள் சிரிக்கவில்லை. நான் அவளுக்குப் பதவி உயர்வு கிடைக்காதா என்று கவலைப்படவில்லை. கிடைத்துவிடுமோ என்று கவலைப்பட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு நாடு மறுத்த வாங்குபவர் அடுத்த நாட்டின் கதவைத் தட்டுவார். அதனால் மறுப்புகளை நாடுகள் தங்களுக்குள் தெரிவித்துக்கொள்கின்றன. அதைப் பற்றிப் பேச மூன்று நாட்டு அதிகாரிகள் டில்லி அதிகாரிகளுடன் செப்டம்பரில் எங்கள் நகரத்தை ஒட்டிய காக்கநாட்டுக்கு வந்தார்கள். இப்படியொரு கூட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகளில் நான்கு முறை விண்ணப்பித்தவன் நான். எங்கள் நிறுவனத்துக்கு ஒரே ஓர் அழைப்பு வந்தது. அதில் முப்பிடாதியின் பெயர் இருந்தது. அவள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதற்காக என்னை உடன் அனுப்பினார்கள்.

மேசையில் அவள் பெயர் எழுதிய அட்டை. பக்கத்து நாற்காலியில் அட்டையில்லாமல் நான். என் பையில் பதினொரு ஆண்டுப் பழைய அந்த மனு இருந்தது. அவள் புதுச் சேலை உடுத்தியிருந்தாள். முழங்கையில் மட்டும் மைக்கறை போகவில்லை. முன்னால் வைத்திருந்த பேனாவை மூடியைத் திறக்காமல் எடுத்து, வருகைத் தாளின் மேல் தன் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு திறந்து எழுதினாள். எதிரே இருந்த அதிகாரிகள் அதை வியந்து பார்த்தார்கள். என் இருபத்துமூன்று ஆண்டுகளை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை.

அவர்களுள் ஒரு வெளிநாட்டுப் பெண் அதிகாரி கேட்டார்: உங்கள் அலுவலகத்தின் ஆவணப் பிரிவு ஏன் இதைக் கவனிக்கவில்லை?

கேள்வியைத் தமிழில் சொன்னேன். முப்பிடாதி யோசித்துப் பேசினாள். "பேப்பர் பாக்குறது இந்தச் சார்தான். ஒரு துண்டுக் கடுதாசி களைய மாட்டாரு, பாவம். பின்னெ, பேரை மட்டும் பாத்து விட்டுட்டாரு. பேரை அவன் நாளைக்கும் மாத்துவான் சாரே. தபால் வந்து சேரணும்ல, அதனால நம்பரை மாத்த மாட்டான். நாலு ஒண்ணு ஒண்ணு ஏழு ஆறு. இவங்களையும் நம்பரைப் பாக்கச் சொல்லுங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "எங்கள் ஆவணப் பிரிவு ஒவ்வொரு காகிதத்தையும் பாதுகாத்து வைக்கிறது. கண்டுபிடித்ததை அதுவே உறுதிசெய்தது."

அந்த அதிகாரி தலையசைத்து ஒரு வரி எழுதிக்கொண்டார். முப்பிடாதி என் வாயைக் கவனிக்கவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை எண் எதையும் எழுதவில்லை.

அவள் தன் பேனாவை எடுத்து, முன்னாலிருந்த தண்ணீர்த் தம்ளரின் வாயில் குறுக்கே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள்.